முதல் நெடுநடைக்கு எந்த மலை?

"வெள்ளியங்கிரி ஏறியாச்சு, பர்வதமலை ஏறியாச்சு. அடுத்து நாலைந்து நாள் நடக்கிற மாதிரி ஒரு மலைக்குப் போகணும், எங்கே போகலாம்?" இப்படிக் கேட்கும் நண்பர்கள் பாதிப் பதிலை முடிவு செய்துகொண்டுதான் வருவார்கள். பெரும்பாலும் அது உத்தராகண்டின் கேதார்காந்தா. பனி மூடிய உச்சியில் சூரியன் எழும் படம் எல்லோர் போனிலும் இருக்கிறது, டிசம்பர் கடைசியில் விடுமுறையும் இருக்கிறது, ஆறு நாளில் போய்த் திரும்பிவிடலாம் என்றும் சொல்கிறார்கள். நல்ல மலைதான். ஆனால் முதன்முதலாகப் பல நாள் நடக்கப் போகிறவருக்கு நான் அதைச் சொல்வதில்லை.

மலையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, எந்த மாதத்தில் லீவு கிடைக்கும் என்று. அடுத்து, நடுவழியில் உடம்பு முடியவில்லை என்றால் எப்படிக் கீழே இறங்குவது என்று. உயரம், காட்சி, செலவு எல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான். இந்தியாவில் மலைகள் ஒரே மாதிரி இல்லை. தெற்கே சோலைக்காடும் புல்வெளியும், மகாராஷ்டிரத்தில் எரிமலைக் குழம்பு இறுகிய கறுப்புப் பாறையும் கோட்டைகளும், மேகாலயாவில் மழையில் ஊறிய பள்ளத்தாக்குகள், வடக்கே பனி. ஒவ்வொன்றும் வேறு மாதத்தில் திறக்கிறது, வேறு மாதத்தில் ஆபத்தாகிறது.

உயரத்தை ஏன் பின்னால் தள்ளுகிறேன் என்பதை ஒரு கணக்கைப் போட்டே காட்டிவிடலாம். கர்நாடகத்தின் குமார பர்வதம் 1,712 மீட்டர். கேதார்காந்தா சுமார் 3,800 மீட்டர். எண்ணை மட்டும் பார்த்தால் ஒன்று மற்றதில் பாதிகூட இல்லை. ஆனால் குமார பர்வதத்துக்கு குக்கே சுப்ரமண்யாவிலிருந்து ஏறத் தொடங்கும்போது நாம் நிற்பது சுமார் 120 மீட்டர் உயரத்தில். அப்படியானால் 13 கிலோமீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1,600 மீட்டர் ஏற்றம். கேதார்காந்தாவில் உச்சிக்குப் போகும் நாளன்று கடைசி முகாமிலிருந்து ஏறுவது நானூறு மீட்டர் சொச்சம்தான்.

1892-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த வில்லியம் நைஸ்மித் ஒரு கணக்கு சொன்னார். மூன்று மைலுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இன்றும் உலகெங்கும் மலை நடப்பவர்கள் அதைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள். அதன்படி குமார பர்வதம் ஏற ஓய்வில்லாமல் ஐந்தேகால் மணி ஆகும். முதுகில் பையும் ஏப்ரல் மாதிரி வெயிலும் சேர்ந்தால் ஏழு எட்டு மணி. கேதார்காந்தாவின் உச்சி நாளுக்கு அதே கணக்கு இரண்டு மணி நேரத்துக்குள்தான் வருகிறது. ஆனால் நடைமுறையில் நாலு, ஐந்து மணி நேரம் ஆகிறது. முழங்கால் வரை பனி, அதிகாலை மூன்று மணிக்குப் புறப்படும் குளிர், அப்புறம் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவான ஆக்சிஜன், மூன்றும் சேர்ந்து அந்த நேரத்தை இழுத்துவிடுகின்றன. தெற்கே கால் பலம் தீர்மானிக்கிறது. இமயத்தில் மூச்சும் குளிரும் தீர்மானிக்கின்றன. வெள்ளியங்கிரியின் ஏழு மலையையும் ஒரே இரவில் ஏறி இறங்கியவருக்கு இமயத்தில் கால் வலிக்காது, சரி. தலை வலிக்காது என்று யாரும் சொல்ல முடியாது.

அந்தத் தலைவலியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2,500 மீட்டருக்கு மேல் யாருக்கும் உயர நோய் வரலாம். நம் ஊரில் தினம் பத்து கிலோமீட்டர் ஓடுகிறவருக்கும் வரும், வயதில் மூத்தவருக்கு வராமலும் போகும். உடல் தகுதிக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கம் வராமல் புரள்வது ஆகியவை தொடக்க அறிகுறிகள். அலட்சியப்படுத்தினால் நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்து உயிரே போகலாம். மருந்து மாத்திரைகளை விட நிச்சயமான வைத்தியம் கீழே இறங்குவது. மருத்துவர்கள் சொல்லும் வழிமுறை எளிமையானது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், படுக்கும் இடத்தின் உயரம் ஒரு நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒரு முறை ஒரு நாள் ஓய்வு. எந்தப் பாதையை ஒப்பிட்டாலும் முதலில் அதன் இரவுத் தங்கல்களின் உயரத்தை எழுதிப் பாருங்கள். பகலில் எவ்வளவு உயரம் தொட்டீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை.

சரி, பக்கத்தில் இருப்பதிலிருந்து தொடங்கலாம்.

தமிழ்நாட்டுக்குள் வழிகள் ஏராளம். ஆனால் 2018 மார்ச் 11 அன்று குரங்கணி காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின் எல்லாமே மாறிவிட்டது. அந்த ஆண்டே மலையேற்றத்துக்கென்று அரசு தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் காலை வைக்க முடியாது. 2024 அக்டோபரில் தமிழக வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும் வகையில் திறந்தது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, அந்தந்த மலையைச் சேர்ந்தவர்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். இது நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். காட்டில் எந்த ஓடை எப்போது வற்றும், யானை எந்தப் பக்கம் இறங்கும் என்று தெரிந்தவர் முன்னால் நடக்கிறார். ஆனால் இவை பெரும்பாலும் ஒரே நாளில் முடிகிற நடைகள். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரையான தீக்காலத்தில் பாதைகள் மூடப்படும். பல நாள் நடைக்கான பழக்கத்தை இங்கே உருவாக்கிக்கொள்ளலாம், அந்த நடையே இங்கே கிடைக்காது.

கேரளத்தின் அகஸ்தியகூடம் மட்டும் இதற்கு விதிவிலக்கு. 1,868 மீட்டர். போனக்காட்டிலிருந்து புறப்பட்டு, இடையில் அதிருமலை முகாமில் தங்கி ஏற வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் கேரள வனத்துறை அனுமதிக்கிறது, முன்பதிவு திறந்த கொஞ்ச நேரத்தில் இடங்கள் தீர்ந்துவிடும். பெண்களுக்கு இருந்த தடை 2018 நவம்பரில் நீதிமன்ற உத்தரவால் நீங்கியது. கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காமல் போங்கள். ஆனால் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போட முடியாது.

இரண்டு நாள் மட்டுமே கையில் இருப்பவருக்கு குமார பர்வதத்தை விட அதே கர்நாடகத்தின் குதிரேமுக்கைத்தான் சொல்வேன். ஏறக்குறைய 1,890 மீட்டர். கலசா பக்கம் வந்து, ஜீப்பில் முள்ளோடி போய், அங்கிருந்து நடை. ஒரு மணி நேரம் நடந்தால் மரங்கள் விலகி, திறந்த புல்வெளி மேடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். இரண்டு மேடுகள் சேரும் மடிப்பில் மட்டும் கரும்பச்சையாய் ஒரு துண்டுச் சோலை, அதற்குள் நுழைந்தால் ஓடைச் சத்தம், வெளியே வந்தால் காற்று மட்டும். துங்கா, பத்ரா, நேத்ராவதி மூன்றும் பிறப்பது இந்த மலைப்பகுதியில்தான். இங்கே பல ஆண்டுகள் இரும்புத்தாது வெட்டினார்கள், 2005 கடைசியில் சுரங்கம் நின்றது. இன்று அது தேசியப் பூங்கா. நாளொன்றுக்கு எத்தனை பேர் போகலாம் என்று வரம்பு வைத்து முன்பதிவு செய்கிறார்கள், மேலே தங்க அனுமதியில்லை.

மழைக்காலத்தில் போனால் அட்டை நிச்சயம். உப்பும் புகையிலைத் தூளும் துணியில் கட்டிக்கொண்டு போகிறவர்கள் உண்டு, அட்டைக்கென்றே விற்கும் நீள சாக்ஸ் அதை விட நல்லது. கடித்த அட்டையைப் பிய்த்து எடுக்காதீர்கள். நகத்தை வாய்ப்பக்கம் மெல்லத் தள்ளினால் தானாக விடும், கொஞ்ச நேரம் ரத்தம் நிற்காமல் கசியும், பயப்பட ஒன்றுமில்லை. திரும்பி வர முடியுமா என்ற கேள்விக்கு இங்கே பதில் மிக எளிது: வந்த வழியே திரும்பினால் சாயங்காலத்துக்குள் ஊர். குமார பர்வதத்தில் வாரக்கடைசிக் கூட்டமும், நிழலில்லாத ஏற்றமும், இறக்கத்தில் முட்டி படும் பாடும் அதிகம். அதைக் கால் பலத்தைச் சோதிக்க வைத்துக்கொள்ளலாம்.

மும்பை, புனேயில் இருக்கும் தமிழர்களுக்கு சஹ்யாத்ரி, அதாவது மகாராஷ்டிரத்தின் மேற்குத் தொடர்ச்சி மலை, வீட்டு வாசல் மாதிரி. உள்ளூர் ரயிலில் இறங்கி, ஒரு பஸ் பிடித்து, மலையடிவாரத்தில் ஒரு வீட்டில் பாக்ரி ரொட்டியும் கடலைமாவுப் பிட்லாவும் சாப்பிட்டுவிட்டு ஏறலாம். மாநிலத்தின் உச்சமான கல்சுபாய் 1,646 மீட்டர், செங்குத்தான இடங்களில் இரும்பு ஏணி போட்டிருக்கிறார்கள். ஆனால் இங்கே நடக்க வேண்டியது கோட்டைகள். 2025 ஜூலையில் மராத்தா ராணுவ நிலப்பரப்பு என்ற பெயரில் 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது நம் செஞ்சி. செஞ்சியில் ராஜகிரி ஏறியவர்கள் அவசியம் ராஜ்கட் ஏறிப் பார்க்க வேண்டும். ஒரே அரசு, ஒன்றைக் கருங்கல் பாறைக் குவியலின் மேலும் மற்றதை எரிமலைப் படிவின் நீண்ட விளிம்பிலும் பாதுகாத்திருக்கிறது. ராஜ்கட்டின் சஞ்சீவனி மாச்சி என்ற நீண்ட அரண் முனையிலிருந்து இறங்கி மலைமுதுகு வழியாகவே தோர்ணா கோட்டை வரை போகலாம். ஒரு முழு நாள் நடை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதற்கு ஈடு கிடையாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சஹ்யாத்ரி முழுக்கப் பச்சை. படங்கள் எல்லாம் அப்போது எடுத்தவைதான். ஈரமான அந்தக் கறுப்புப் பாறை எவ்வளவு வழுக்கும் என்பது படத்தில் தெரியாது. லோஹகட் மாதிரி எளிதான கோட்டைகளில் ஞாயிற்றுக்கிழமை படிகளில் நெரிசலே ஏற்படும். மழையில் போவதானால் வாரநாளில் போங்கள், ஓடை ஏறியிருந்தால் கடக்காதீர்கள். மார்ச்சுக்குப் பிறகு நிழலும் இல்லை, தண்ணீரும் இல்லை. பாறையில் வெட்டிய தொட்டிகளை நம்பி ஏறக் கூடாது.

மேகாலயாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதை மலையேற்றம் என்பதை விட மலையிறக்கம் என்றுதான் சொல்ல வேண்டும். திர்னாவிலிருந்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் நோங்ரியாட் கிராமம். ரப்பர் ஆலமரத்தின் விழுதுகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்னி காசி மக்கள் வளர்த்த இரட்டை அடுக்குப் பாலம் அங்கே இருக்கிறது. கஷ்டமெல்லாம் கடைசி நாளில், ஏறி வரும்போது வருகிறது. அதனால் திரும்பும் வழி என்ற கேள்விக்கு இந்த இடம் சரியான பதில் தருவதில்லை, முட்டி வலி உள்ளவர்கள் யோசிக்க வேண்டும். ஆனால் நவம்பரில் நம் ஊரில் வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது, உலகின் மிக ஈரமான அந்த மலைகள் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். அந்த மாதத்துக்கு நல்ல இடம்.

இனி இமயம். முதல் முறை போகிறவர் முன் நான் வைக்கும் பாதைகள் நான்கு: கேதார்காந்தா, ஹர் கி தூன், பூக்களின் பள்ளத்தாக்கு, சந்தக்பூ.

கேதார்காந்தாவும் ஹர் கி தூனும் சாங்க்ரி என்ற ஒரே ஊரிலிருந்து புறப்படுகின்றன. டேராடூனிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், முழுப் பகலும் வண்டியில் போகிறது. பெரிய மருத்துவமனைக்கு அந்தத் தூரம் முழுவதும் திரும்ப வர வேண்டும் என்பதையும் இதோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். கேதார்காந்தாவின் பனிக்காலப் பாதை கூடாரத்தில் தங்கும் பாதை. இரவில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போகும். ஷூவுக்குக் கீழே மாட்டும் முள்சங்கிலி, பனி உள்ளே புகாமல் காலில் கட்டும் உறை எல்லாம் வேண்டும். பனியே பார்க்காதவர் பனியில் நடக்கவும், கூடாரத்தில் தூங்கவும், உயரத்தில் மூச்சு விடவும் ஒரே வாரத்தில் பழக வேண்டியிருக்கிறது. இதில் ஏதாவது ஒன்று முன்பே பழகியிருந்தால் அனுபவம் அருமையாக இருக்கும். அதனால் இரண்டாவது நடையாக இதை மகிழ்ச்சியோடு சிபாரிசு செய்வேன். டிசம்பர் கடைசி வாரத்தை விட்டுவிட்டு, கூட்டம் வடிந்து பனி கெட்டியாக இருக்கும் ஜனவரி பின்பாதியிலோ பிப்ரவரியிலோ போங்கள்.

ஹர் கி தூன், மே மாதத்தில் மட்டும் லீவு கிடைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஏற்றது. தெற்கு வெந்துகொண்டிருக்கும்போது அங்கே ஓடையில் பனி உருகி ஓடும். உச்சி என்று ஒன்று கிடையாது, ஆற்றோரமாகப் பள்ளத்தாக்கில் மெல்ல மெல்ல உயர்ந்து சுமார் 3,500 மீட்டருக்குப் போகிறோம். எதிரே சுவர்க்காரோகிணி சிகரம். ஏற்றம் படிப்படியாக இருப்பதால் உடம்பு பழக நேரம் கிடைக்கிறது. ஓஸ்லா போன்ற மரவீட்டுக் கிராமங்கள் வழியில் இருப்பதால் முழுக்கக் காட்டுக்குள் தனித்துவிட்ட பயமும் இல்லை. பருவமழைக்கு முன்பும் பின்பும் சரி, ஜூலை ஆகஸ்டில் வேண்டாம்.

உத்தராகண்டில் எந்த நிறுவனத்தோடு போனாலும் கூடாரம் எங்கே போடுவீர்கள் என்று கேளுங்கள். புக்யால் எனப்படும் உயர்மலைப் புல்வெளிகளில் இரவு தங்க 2018-இல் மாநில உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அந்தப் புல்லின் வேர்ப்படலம் ஒரு முறை கிழிந்தால் மீண்டும் மூட ஆண்டுகள் ஆகும். பதில் தெளிவாக வராத நிறுவனத்தை விட்டுவிடுங்கள். மோசமான வானிலைக்கு எத்தனை நாள் கூடுதலாக வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். 2024 ஜூனில் சஹஸ்த்ர தால் பாதையில் கர்நாடகத்திலிருந்து போன குழுவில் ஒன்பது பேர் புயலில் சிக்கி இறந்தார்கள். அது குளிர்காலம் கூட இல்லை.

முதல் நடைக்கு என் பதில் சந்தக்பூ. மேற்கு வங்கத்தின் மிக உயரமான இடம், 3,636 மீட்டர். டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சாங்கில் தொடங்கி, சிங்காலிலா மலைமுதுகின் மேல், நேபாள எல்லையை ஒட்டியே பாதை போகிறது. சில இடங்களில் எல்லையைத் தாண்டி நேபாளத்துக்குள்ளேயே நடக்கிறோம், தும்ளிங் கிராமமே நேபாளத்தில்தான் இருக்கிறது. முதல் இரவு அங்கே, சுமார் 2,900 மீட்டரில். அடுத்த இரவு காலிபோக்ரி, சுமார் 3,180. மூன்றாம் இரவு சந்தக்பூ. மேலே சொன்ன 500 மீட்டர் கணக்குக்கு இந்தத் தங்கல்கள் அப்படியே பொருந்துகின்றன. கூடாரம் தேவையில்லை, ஒவ்வொரு ஊரிலும் தங்கும் விடுதி இருக்கிறது. கனமான ரஜாய், அடுப்பங்கரையில் உட்கார இடம், சோறு, பருப்பு, துக்பா என்ற நூடுல்ஸ் சூப். பையில் தூக்கிப்போக வேண்டிய எடை பாதியாகக் குறைகிறது. முதல் தடவை போகிறவருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது இரண்டாம் நாள் மத்தியானம் தெரியும்.

சந்தக்பூ மீது ஒரு குறை சொல்வார்கள்: மேலே வரை ஜீப் பாதை இருக்கிறது, நடக்கிறவர் மேல் புழுதி அடிக்கிறது என்று. உண்மைதான். ஆனால் நான் இதைத் தேர்ந்தெடுப்பதற்கு முக்கியக் காரணமே அந்த ஜீப் பாதைதான். காலிபோக்ரியில் ஒருவருக்கு ராத்திரி தலைவலி ஏறி வாந்தி எடுத்தால், விடிந்ததும் வண்டி பிடித்து அன்றே கீழே போய்விடலாம். வேறு எந்த இமயப் பாதையிலும் 3,600 மீட்டரில் இந்த வசதி எளிதில் கிடைக்காது. அதே ஜீப்பில் ஒரே நாளில் மேலே ஏறுவதைத்தான் செய்யக் கூடாது. நடந்து ஏறும்போது உடம்புக்குக் கிடைக்கும் அவகாசம் அதில் இல்லை.

காட்சியைப் பொறுத்தவரை இதற்கு மேல் இந்தியாவில் எங்கே போவது? உலகின் ஐந்து உயரமான சிகரங்களில் எவரெஸ்ட், கஞ்சன்ஜங்கா, லோட்சே, மகாலு நான்கும் ஒரே இடத்தில் நின்றால் தெரியும். கும்பகர்ணன், கஞ்சன்ஜங்கா, பாண்டிம் என்ற சிகரங்கள் சேர்ந்து படுத்திருக்கும் புத்தர் போலத் தெரியும் என்று அங்கே எல்லோரும் சொல்வார்கள், விடியற்காலையில் அதன் மேல் ஆரஞ்சு ஏறும்போது அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாள் இருந்தால் அங்கிருந்து பாலுட் வரை 21 கிலோமீட்டர் போங்கள். கிராமமே இல்லாத புல்வெளி முதுகு, நடை முழுக்கக் கஞ்சன்ஜங்கா எதிரிலேயே. நாள் இல்லையென்றால் குர்தும் வழியாக ஸ்ரீகோலாவுக்கு இறங்கலாம். அந்த இறக்கம் செங்குத்து, ஊன்றுகோல் இரண்டும் வேண்டும்.

மாதம்: அக்டோபர் பின்பாதியும் நவம்பரும். வானம் தெளிந்திருக்கும். ஏப்ரலில் ரோடோடெண்ட்ரான் பூத்துக் காடே சிவக்கும், ஆனால் மதியத்துக்குள் மேகம் மூடிவிடும். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை தேசியப் பூங்கா மூடியிருக்கும். துர்கா பூஜை விடுமுறையில் மட்டும் போகாதீர்கள், வங்காளமே அங்கே இருக்கும், அறை கிடைக்காது. வழிகாட்டி கட்டாயம், மானேபஞ்சாங்கிலேயே ஏற்பாடாகும். எல்லைப் படையினர் வழியில் சோதிப்பார்கள், அசல் அடையாள அட்டை வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போக பாக்டோக்ரா வரை விமானம், அல்லது நியூ ஜல்பைகுரி வரை ரயில். கோயம்புத்தூர், ஈரோடு, சேலம்காரர்களுக்கு கன்னியாகுமரி – திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் வண்டி மாறாமல் கொண்டுபோய் விடும். நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் அந்த ரயிலில் இரண்டு நாளுக்கும் மேல் உட்காரத் தயாராக வேண்டும், அவ்வளவுதான்.

அறுபது தாண்டிய பெற்றோரோடு போக வேண்டும் என்றால் மட்டும் என் பதில் மாறும்: பூக்களின் பள்ளத்தாக்கு. ஜூன் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும், பூ அதிகம் இருப்பது ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை வண்டி, பிறகு பத்து கிலோமீட்டர் நடந்தால் சுமார் 3,050 மீட்டரில் காங்கரியா. அங்கே விடுதியும் குருத்வாராவும் உண்டு, எல்லா இரவும் ஒரே உயரத்தில்தான் தங்குகிறோம். பள்ளத்தாக்குக்குக் காலையில் போய் மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஆனால் பூக்கிற அதே வாரங்களில்தான் பத்ரிநாத் சாலையில் மலைச்சரிவும். அதனால் திரும்பும் ரயிலுக்கு முன்னால் இரண்டு நாளாவது சும்மா விட்டுவைத்து டிக்கெட் போடுங்கள். காங்கரியா வரைக்கும், அங்கிருந்து ஹேம்குண்ட் சாகிப் என்ற சீக்கியத் தலத்துக்கும் மட்டக்குதிரை கிடைக்கும், பள்ளத்தாக்குக்குள் குதிரையை விடுவதில்லை. முட்டி ஒத்துழைக்காத பெரியவர்களைக் கூடையில் சுமந்து போகிறவர்கள் காங்கரியாவிலேயே இருக்கிறார்கள், முந்தின நாள் மாலையே பேசி வைத்துக்கொள்வது நல்லது.